டப்பா வாங்க வந்தவர்

ஆராய்ச்சிக்கு மலம் வாங்க ஐஸ் பெட்டியோடு மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டுக்கு ஏறி வந்தவர் அவர். ஒல்லியான ஆள். யார் டப்பாவை நீட்டினாலும், திருநீறு வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்குவார். என்னால் சிரிப்பை அடக்க முடியாது.

"கணையம் வீங்கியிருக்குதான்னு குடல்ல ஊறி மலத்துல வர்ற ஒரு பொருளை வெச்சுக் கண்டுபிடிக்கப் பாக்குறோம்ங்க" என்றார். வயிற்று வலியில் சுருண்டு கிடந்த என் மகனுக்கோ கொடுக்க வெட்கம். அவன் டப்பாவில் நானே என்னுடையதைக் கொடுத்துவிட்டு, அவரிடமே சொல்லியும் விட்டேன்.

"யாருதா இருந்தா என்ன சாமி, ஒரே ஊட்டுச் சோறுதானே?"

அவர் சிரிக்கவில்லை.

"உங்களுதை அவருதுன்னு எழுதிட்டா, நோயாளிக்கும் இப்படித்தான் இருக்கும்னு ஆயிருமுங்க ஆத்தா. நாளைக்கு இதை நம்பி வர்றவங்களுக்குத் தப்பாச் சொல்லிருவோம்."

"எம் மகனுக்கு எப்பச் சொல்லுவீங்க?"

"சொல்ல மாட்டோம்ங்க. இது பின்னால வர்றவங்களுக்குத்தான்."

அதைக் கேட்ட மகன், சுவரைப் பிடித்து எழுந்து வேறு டப்பா கேட்டு வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

அவனுக்கு வலி இன்னும் விடவில்லை. "பாக்கலாம் ஆத்தா" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர். ஏன் சொல்லவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.