லைன் வீட்டு வேட்பாளர்

"மைக்கை நிறுத்துங்கக்கா! நைட் ஷிப்ட் முடிச்சுட்டு இப்பத்தான் படுத்தோம்!"

வரிசையாக ஒட்டிக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஏதோ ஒரு கதவுக்குள்ளிருந்து வந்த குரல். ஜோதியம்மாள் ஆட்டோ டிரைவரின் தோளைத் தட்டி ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிக் கதவு கதவாகப் போய்த் தாழ்ந்த குரலில் ஓட்டுக் கேட்டாள். பகலில் தூங்குகிறவர்களை அவள் மறந்திருக்கக் கூடாது. அவர்களுக்குச் சோறு போடுகிறவளே அவள்தான்.

சேலத்துப் பக்கமிருந்து வந்து ஓசூரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்ட குடும்பம். கணவன் ரத்தினவேல் சிப்காட்டில் லேத் ஓட்டினான். இவள் முன்னறையில் மெஸ் நடத்தினாள். இரண்டாயிரத்து ஆறில் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் சாப்பிட வருகிறவர்கள்தான் ஆரம்பித்தார்கள். "நீங்க நில்லுங்கக்கா, நாங்க இருக்கறோம்" என்று எச்சில் கையைத் தூக்கினார்கள். நின்றுவிட்டாள். சுயேச்சை, கத்தரிக்கோல் சின்னம்.

ஓட்டுக் கேட்கும்போது, உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியின் கழிவுத் தண்ணீர் ஏரியில் விழக்கூடாது என்பதை முதலில் சொல்வாள். அந்தக் கரையில் போட்ட போர்த் தண்ணீரில் வடித்த சோறு மஞ்சளாக இருப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிறகு, லைனுக்குப் பின்னால் விளக்கு வைத்த கழிப்பறை. ஷிப்ட் முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பால்வாடி.

தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் காத்தூன் கைக்குழந்தையோடு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். மெஸ்ஸில் தினமும் சாப்பிடும் பூபதியின் கதவருகில் அவள்தான் கேட்டாள்.

"பூபதிண்ணே, உங்களுக்கு எந்த பூத்து?"

"எனக்கு ஏதும்மா இங்க ஓட்டு? ஊத்தங்கரைல இல்ல இருக்குது. ரேஷன் கார்டே அங்கதான்."

பக்கத்து அறை மோகன்குமார் எட்டிப் பார்த்தான். "எனக்குத் தேன்கனிக்கோட்டை. எலக்சனுக்கு ஊருக்குப் போவ லீவு கூட சொல்லிட்டேன்."

ஜோதியம்மாள் திரும்பினாள். "உனக்குடி?"

காத்தூன் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "வாணியம்பாடிக்கா."

ஜோதியம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். கை தூக்கியவர்களைப் பார்த்தாளே தவிர, ஓட்டு எந்த ஊரில் என்று ஒருவரையும் கேட்டதில்லை. அவர்கள் ஏமாற்றவும் இல்லை. அக்கா நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள், சொன்னார்கள்.

சாயங்காலம் லைன் வீடுகளின் சொந்தக்காரர் கோவிந்தப்பன் மெஸ்ஸுக்கு வந்தார். பிளேட்டிங் கம்பெனி நிற்பதும் அவர் நிலத்தில்தான்.

"ஏமம்மா, இப்பத் தெரிஞ்சுதா? ஓட்டெல்லாம் மேல் தெருவுல, எங்க ஆளுங்ககிட்ட. நான் சொன்னாப் போடுவாங்க. கக்கூஸ் கட்டு, பால்வாடி கட்டு, நல்லது. ஏரிய மட்டும் விட்டுரு."

"குடியிருக்கறவங்க அந்தத் தண்ணியத்தானுங்களே குடிக்கறாங்க."

"அவங்களுக்குத்தான் ஓட்டே இல்லியே. யாரு வந்து உன்னக் கேக்கப் போறாங்க?"

உண்மைதான். ஏரியை விட்டால் ஜெயிக்கலாம், கேட்க ஆளில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜோதியம்மாள் இதை எல்லோரிடமும் சொன்னாள்.

"விட்டுருங்கக்கா" என்றான் பூபதி. "மத்த ரெண்டாவது கெடைக்கும்."

அவன் வேலை பார்ப்பது பிளேட்டிங் தொட்டியில். விரல்களில் புண், கையால் சோறு பிசைய முடியாது. "ஸ்பூன்ல சோறு திங்கறவன் பேசாத" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பூபதியும்.

தெலுங்கும் கன்னடமும் பேசும் மேல் தெருவிலும் அவள் ஏரியைத்தான் முதலில் சொன்னாள். ஓட்டில்லாதவர்கள் வார லீவில் கூட நடந்தார்கள். மோகன்குமார் கன்னடத்தில் பேசினான். காத்தூன் அரைகுறைத் தெலுங்கில் பேசினாள்.

"மீக்கு ஓட்டே லேது, நீ எதுக்கும்மா வெய்யில்ல அலையற?" என்று ஒரு வீட்டுக்காரம்மா கேட்டாள்.

"உங்க போருல வர்றதும் அதே தண்ணிதானேம்மா" என்றாள் காத்தூன்.

வாக்குப்பதிவு அன்று லைன் பூட்டிக் கிடந்தது. ஆண்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். காத்தூன் வாணியம்பாடிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே ஜோதியம்மாளுக்கு டீ வாங்கி வந்து நின்றாள்.

ஓட்டு எண்ணிய அன்று ஜோதியம்மாள் தோற்றாள். கோவிந்தப்பன் கை காட்டியவர் ஜெயித்தார். ஆனாலும் மேல் தெருவில் அவள் எதிர்பார்க்காத அளவுக்குக் கத்தரிக்கோலுக்கு விழுந்திருந்தது. அன்று இரவு, ஊரிலிருந்து திரும்பியவர்களால் மெஸ்ஸில் உட்கார இடமில்லை.

"எனக்காக இதுக்கு முன்ன யாரும் வெய்யில்ல நடந்ததில்ல" என்றாள் ஜோதியம்மாள், பூபதியைப் பார்த்து. "அது போதும்டா எனக்கு. கண்ணு, நீ சாப்புடு."

பூபதி ஸ்பூனைக் கீழே வைத்தான். "என் ஓட்ட இங்க மாத்திக்கறேங்க்கா."

மறுநாள் காலை. பூபதியும் மோகன்குமாரும் காத்தூனும் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தும்போது வரச் சொன்னார்கள். குடியிருப்புக்கு அத்தாட்சியாக வீட்டுக்காரரிடம் ஏதாவது எழுதி வாங்கி வரவும் சொன்னார்கள். வீட்டுக்காரர் என்றால் கோவிந்தப்பன்தான். திரும்பி வந்தார்கள். மதியம் சாம்பாரும் கீரையும். பூபதி இரண்டாம் ஷிப்டுக்குப் போனான்.