படுத்திருந்த கல்லை நிறுத்திய நாள்

சிறுசேரியில் எங்கள் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து எழுந்துபோன பள்ளம் மாதிரி செதுக்கியிருப்பார்கள். ஷட்டில் வராத சாயங்காலங்களில் அதில் உட்கார்ந்துகொண்டு நான் திட்டாத ஆள் கிடையாது. அதைச் செய்தவர் மாமல்லபுரத்துச் சிற்பி ஏகநாதன் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. செங்கல்பட்டு ஏரிக்கரையில் ஒன்று, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றின் கடற்கரையில் ஒன்று என்று பொது இடங்களில் அவர் வைத்த கற்கள் இன்னும் இரண்டு இருக்கின்றனவாம். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கூட வருகிறேன் என்று சொன்ன இரண்டு தோழிகளும் வழக்கம்போல் காலையில் போனை எடுக்கவில்லை.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஸ்டேஷனை ஒட்டியே ஏரி. கரையில் இடுப்பு உயரக் கறுப்புக் கல்லின் தலையைக் கிண்ணம்போல் குடைந்து, மழைத் தண்ணீர் நிற்கும்படி வைத்திருக்கிறார். நான் போனபோது ஒரு காகம் அதில் குளித்துக்கொண்டிருந்தது. காகத்துக்குக் கீழே பிரியாணிப் பொட்டலமும் குவார்ட்டர் பாட்டிலும் கிடந்தன. நம் ஆட்களுக்கு ஒரு கல் கிடைத்தால் போதும், அதன் பின்னாடி உட்கார்ந்து குடிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

அங்கிருந்து மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜன்னலோரம் கிடைத்தும் வெயில் பக்கம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குப்பத்துக்குப் போய்க் காத்திருந்து திரும்பி வர ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் பேசினேன். ஓட்டியவர் பாபு அண்ணன். கல்லைப் பார்க்கப் போகிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னிக்கா போற?" என்றார். வண்டியைக் கிளப்பினார்.

போட்டோவில் நான் பார்த்திருந்தது பத்தடி உயரக் கல். நடுவில் ஒரு ஆள் நிற்கும் வடிவத்தில் வெட்டி எடுத்திருப்பார், அந்த வெற்றிடம் வழியாகக் கடல் தெரியும். ஆனால் அங்கே கல் மணலில் மல்லாந்து கிடந்தது. ஆள் வடிவக் குழி நிறைய மணல். பக்கத்தில் ஒரு ஹைட்ரா கிரேன் நின்றது, சுற்றி ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், கல்லை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம், "இவ்வளவு நல்ல சிலையைத் தள்ளிவிட்டிருக்காங்களே, எவன்க்கா செஞ்சது?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாபு அண்ணன் என்னைத் தள்ளி அழைத்துப்போனார். "வாய வச்சிக்கினு சும்மா இருக்கக் கூடாதா? அது பேரு செல்வி. அது வூட்டுக்காரரு கடலுக்குப் போயி மூணு வருசமாச்சு. நாலு பேரு போன போட்டுல மூணு பேருதான் கரைக்கு வந்தாங்க. பாடி கெடைக்கல. கடலுக்குப் போயி திரும்பாதவங்களுக்காகன்னு சிற்பி இந்தக் கல்ல கொண்டாந்து நிறுத்தினாரு. இங்கல்லாம் செத்தவங்களுக்குத்தான் கருமாதில கல்லு நிறுத்துவாங்க. என் புருசன் உசுரோட கீறாரு, யாரக் கேட்டு கல்லு நிறுத்துனீங்கன்னு தெனம் இங்கயே உக்காந்துகினு அழுதுது. பாக்க முடியாம ஊர் ஆம்பளைங்கதான் கவுறு கட்டி சாச்சிட்டாங்க."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கிரேனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்றவர்தான் ஏகநாதன். போய் அறிமுகப்படுத்திக்கொண்டேன். கல்லை எடுத்துப்போக வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லம்மா, நிறுத்த வந்திருக்கேன். அந்தம்மாதான் போன் பண்ணிச்சு," என்று செல்வி அக்காவைக் காட்டினார். நான் கேட்காமலே மேலும் சொன்னார். "சுத்துப்புறத்தப் பாத்து சிலை வைங்கடான்னு பசங்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான். இங்க காத்து பாத்தேன், வெயில் எந்தப் பக்கம் வுழும்னு பாத்தேன். ஊர்ப் பெரியவங்ககிட்ட அனுமதி கேட்டேன். அந்தம்மாவக் கேக்கல." பிறகு, தூக்குவதற்காகக் கல்லில் பெல்ட் கட்டுபவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் செல்வி அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். ஏன்க்கா இப்போ, என்று கேட்டதற்கு, கடலைப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார்:

"அவரு எப்ப வேணா வருவாருன்னு கதவ தாழ் போடாமத்தான் படுப்பேன்மா. போன வாரம் கதவு தொறக்குற சத்தம். அவருதான்னு எழுந்து ஓடுனேன். கையக்கூடப் புடிச்சிட்டேன். பாத்தா எவனோ டூர் வந்தவன், குடிச்சிட்டு அவன் ரூமுன்னு நெனச்சி வந்துட்டான். என் பொண்ணு கத்துது, அது அப்பா இல்லம்மா, வுடும்மான்னு. நான் அப்பவும் அவன் கைய வுடல."

கல்லைத் திரும்பிப் பார்த்தார். "வயசுப் பொண்ணு வூட்ல கீது. இனிமே தாழ் போடணும். தாழ் போடணும்னா கல்லு நிக்கணும்," என்றார்.

கிரேன் தூக்கியபோது அந்த ஆள் வடிவத்திலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. கல் நேராக நின்றதும் அடியில் ஜல்லி போட்டு இறுக்கினார்கள். செல்வி அக்கா அதன் வழியாகக் கடலைப் பார்க்கவில்லை. கல்லின் காலடியில் பால் ஊற்றினார், மகளைக் கூப்பிட்டு அவள் கையாலும் ஊற்றவைத்தார். சுற்றி நின்ற பெண்கள் அப்போதுதான் அழத் தொடங்கினார்கள். மூன்று வருடமாக அடக்கிவைத்த அழுகை. நானும் அழுதேன். யாரென்றே தெரியாத ஒருவருக்காக அழுதது எனக்கே வியப்பாக இருந்தது. போட்டோ எடுக்கவில்லை, அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினால் வெயிலுக்கு முன் ஏரிக்கரையைப் பார்த்துவிடலாம். ஆட்டோவோடு சேர்த்து மொத்தம் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும், சாப்பாடு தனி. குப்பத்தில் கடை கிடையாது, தண்ணீர் கையோடு எடுத்துப்போங்கள். கல்லுக்குள் நின்று படம் எடுக்க ஆசை வரும், அது ஒருவருடைய கருமாதிக் கல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து விடுதியில் தங்கினால், குடித்துவிட்டு அந்தப் பக்கம் நடக்காதீர்கள். கல்லுக்கு நேர் எதிரே இருக்கும் நீலக் கதவு செல்வி அக்கா வீடு. எந்த அவசரமானாலும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பொழுது சாய்ந்தபிறகு அந்தக் கதவை மட்டும் தட்டிவிடாதீர்கள்.