ஹார்பர் லைனில் ஒரு கட்டடக்கலை வகுப்பு

கட்டடக் கலைஞர்கள் தங்கள் அறிவைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பயிற்சி வகுப்புக்குப் போனால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் பதிவு, பதிவு இருந்தால்தான் வரைபடத்தில் கையெழுத்து. ஆகவே பம்பாயின் கட்டடக் கலைஞர்கள் அவ்வப்போது ஏதாவது ஏசி அரங்கில் கூடுவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இலவசத் துணிப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துப் படம் போட்டதும் உறக்கத்தில் அறிவைப் புதுப்பிப்பார்கள். பனீர் மணம் வரும்போது விழிப்பு வரும். சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் மிஞ்சுவது பேச்சாளரும் மைக்காரரும்தான்.

மாரிசெல்வியும் இப்படி உறங்கியவள்தான். தாராவியில் ஒற்றை அறையில் அப்பா, அம்மா, தம்பிமார், ஒரு தையல் மிஷின் ஆகியோருடன் வளர்ந்து, கட்டடக்கலை படித்து, திலக் நகரில் தனியாக ஓர் அலுவலகம் வைத்திருந்தாள். அந்த அறையில் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கதவு திறக்காது. அப்படிப்பட்டவளுடைய வரைபடத்தைத்தான் பக்கத்துக் குடியிருப்பு சொசைட்டி தேர்ந்தெடுத்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பப்போகும் சின்னச் சின்ன வீடுகள். அவளுடைய முதல் பெரிய வேலை. ஆனால் வகுப்பை நாளை, நாளை என்று தள்ளிப்போட்டதில் பதிவு அந்த வாரத்தோடு முடியவிருந்தது. முடிந்தால் கையெழுத்து இல்லை; கையெழுத்து இல்லையென்றால் கட்டடமும் இல்லை.

இதை அவளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தவர் நம்பிராஜன். மாட்டுங்காவில் பெரிய ஆபீஸ் வைத்திருக்கும் கட்டடக் கலைஞர். சொசைட்டி பக்கம் அடிக்கடி வந்து அவளைக் குசலம் விசாரிப்பார்.

"என்ன தாயி, பதிவு ஆச்சா? ஆகலேன்னா சங்கடப்படாத. நான் எதுக்கு இருக்கேன்? கையெழுத்த நான் போட்டுக்கிடுதேன்."

"படத்துலயும் ஒங்க பேரத்தான் போட்டுக்கிடுவியளோ, அண்ணாச்சி?"

"கையெழுத்து இருக்க எடத்துலதான தாயி பேரும் இருக்கும்."

கடைசியாக வாஷியில் ஒரு வகுப்பு கிடைத்தது. நடத்துகிறவர் வந்தனா, மாட்டுங்காவின் பாலக்காட்டுக் குடும்பத்துப் பேராசிரியை. அவர் உறக்கத்தை ஒழித்திருந்தார். ஒவ்வொருவரும் தான் வரைந்த சின்ன வீட்டைப் பற்றிப் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் சான்றிதழ். அரங்கில் கம்ப்யூட்டர் இருக்கும் என்ற நம்பிக்கையில் மாரிசெல்வி படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹார்பர் லைன் ரயில் ஏறினாள்.

லேடீஸ் பெட்டியில் ஏறியவள் முதலில் கேட்டது எல்லோரும் கேட்பதைத்தான்: "எங்கே இறங்குவீர்கள்?" இறங்குகிறவளிடம் முதலில் சொல்லிவைத்தவளுக்கே அந்த சீட். மான்குர்தில் ஒருத்தி இறங்க, மாரிசெல்வி உட்கார்ந்தாள். உட்காரும் முன்பே ஒரு நர்ஸ் கேட்டுவிட்டாள். வாஷிக்குப் பிறகு அந்த இடம் நர்ஸுக்கு. நர்ஸிடமும் யாரோ கேட்டாயிற்று.

வாஷிக்குப் போகும் கடற்கழிப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. சிக்னல் கோளாறு. நகரும் அறிகுறியே இல்லை. போன் அடித்தது.

"மாரிசெல்வி, உங்க முறை வந்துடுத்து. எங்கே இருக்கேள்?" வந்தனா.

"பாலத்துக்கு இந்தப் பக்கம், மேடம். வண்டி நிக்கி."

"அப்போ வீடியோல பேசுங்கோ. பிளானை அனுப்பினா திரையில போட்டுடறேன். இப்போ விட்டா வேற நேரம் இல்லை."

பிளான் பென்டிரைவில் இருந்தது. பென்டிரைவைப் போனில் செருக வழியில்லை. நம்பிராஜன் தன் பெயரை அழகாக எழுதிப் பழகுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் வீடியோவைப் போட்டு, போனைத் திருப்பித் தன் சீட்டைக் காட்டினாள்.

"இது என்ன? பிளான் எங்கே?"

"இதான் பிளான், மேடம். இந்த எடத்துல இப்ப நான் இருக்கேன். வாஷியில இந்த நர்ஸக்கா. பேலாப்பூர்ல இன்னொருத்தி. எடம் ஒண்ணுதான், நேரத்துக்கு ஒரு சொந்தக்காரி. நான் வரைஞ்ச வீட்டுலயும் அப்படித்தான். காலைல சமையல் நடக்க எடத்துல சுவர் மேசைய மடக்கிட்டா மத்தியானம் தையல் மிஷின். சாயங்காலம் பிள்ளைக படிக்கும். ராத்திரி படுக்கை. மத்தவங்க பிளான்ல கட்டிலு நாளெல்லாம் நடுவீட்டுலயே கெடக்கு. அது எறங்கவே எறங்காத பாசஞ்சர், மேடம்."

அரங்கில் யாரோ சிரித்தது போனில் கேட்டது. வந்தனா சிரிக்கவில்லை.

"ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு இடம் வேணும்னா?"

மாரிசெல்வி வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் போனுக்குள் தலையை நீட்டி, "தோடா சரக்னே கா, மேடம்," என்றாள். கொஞ்சம் நகர்ந்துகொள்வது. மூன்று பேர் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை அந்தரத்தில் விட்டு உட்கார்ந்திருந்த நாலாவது பெண்மணி அதை முழுமனதாக ஆமோதித்தாள்.

"அதுக்குத்தான் சன்னலுக்குக் கீழ அகலமா ஒரு பலகை விட்டிருக்கேன்," என்றாள் மாரிசெல்வி. "அதான் நாலாவது சீட். சொகமா இருக்காது. ஆனா சண்ட வராது."

இப்போது வந்தனாவும் சிரித்துவிட்டார். "வாஷி வந்ததும் நேரே இங்கே வாங்கோ. படத்தைப் பாத்துட்டு சர்டிஃபிகேட்டைக் கையில தந்துடறேன்."

பெட்டி முழுக்கக் கைதட்டியது. என்ன பாஸ் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பாஸ் என்பது மட்டும் தெரிந்தது. வண்டியும் நகர்ந்தது. வாஷியில் மாரிசெல்வி எழுந்து, சொன்ன சொல் தவறாமல் நர்ஸுக்கு இடம் விட்டாள்.

அந்த வாரமே பதிவு புதுப்பிக்கப்பட்டது. படத்தில் அவள் கையெழுத்து, அதன் கீழே அவள் பெயர். நம்பிராஜன் வாழ்த்துச் சொல்ல வந்தார், தேநீர் குடித்தார், அதன் பிறகு அந்தப் பக்கம் வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு அதே வகுப்பில் ஒரு நாள் பாடம் எடுக்க வந்தனா அவளை அழைத்தார். மேடையில் ஏறிப் பார்த்தால், ஏசிக்கு நேர் கீழே மடியில் துணிப்பையோடு நம்பிராஜன். இந்த முறை காலாவதியாகவிருந்தது அவருடைய பதிவு. மாரிசெல்வி சுவர் மேசையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது பனீர் மணம் வந்தது. அவர் மெல்ல எழுந்து, குனிந்தபடி கதவை நோக்கி நகர்ந்தார்.

"அண்ணாச்சி," மைக்கில் கேட்டாள், "எங்க எறங்குதிய?"

அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நம்பிராஜன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கடைசி ஸ்டேஷன்தான், தாயி."

அந்த ஏசி நாற்காலிமேல் கண் வைத்திருந்த பின்வரிசைக்காரர் முகம் வாடிப்போயிற்று.