கயிற்றின் மறுமுனை

என் வீட்டுக் கூரையில் பாதி, எதிரே இருக்கும் சீனரின் கீரைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து ஆறு வாரம் ஆகிறது.

அந்த வாரம் பத்திரிகையில் என்னுடைய இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று விசாரித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அச்சுக்கோர்ப்பவர் — பக்கத்தில் இடம் காலியாகிவிட்டதாம். இன்னொருவர் அடுத்த வீட்டு காதர் பாய். அவருக்குக் காரணம் முன்பே தெரியும்.

சொந்த வீடு வாங்கியவன் புலம்பக் கூடாது என்பார்கள். வாடகை வீடு ஒழுகினால் வீட்டுக்காரனைத் திட்டலாம். சொந்த வீடு ஒழுகினால்? அந்த வீட்டுக்காரனும் நான்தானே... திட்டுவதையும் கேட்டுக்கொள்வதையும் நானே செய்யவேண்டியிருக்கிறது.

சிராங்கூன் ரோடில், மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால், பலகைச் சுவரும் அத்தாப் ஓலைக் கூரையுமாக இரண்டு அறை. எங்கள் ஆபீஸ் குமாஸ்தாக்களில் சொந்த வீடு உள்ளவன் நான் ஒருவன்தான். அதற்கு முன் சவுத் பிரிட்ஜ் ரோடில் ஒரு மாடி அறையில் ஆறு பேராக இருந்தோம். ஒருவன் குறட்டை, ஒருவன் பாட்டு, ஒருவன் தூக்கத்திலேயே மேனேஜரோடு சண்டை. எப்போது தனியாக இருப்போம் என்று ஏங்கியிருக்கிறேன். புத்திகெட்டவன்.

வீடு வாங்கியது தனியாக இருக்க அல்ல. என் மனைவி தையல்நாயகி நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம். நாங்கள் சேர்ந்து இருந்தது ஏழு மாதம். வீடு இருந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான்கு வருஷமாக வீடு இருக்கிறது. அவள்தான் வரவில்லை. மாசி போகட்டும் என்றாள், தம்பி கல்யாணம் முடியட்டும் என்றாள். கல்யாணமும் முடிந்தது, அந்தத் தம்பிக்குக் குழந்தையும் பிறந்தது.

புயலுக்குப் பயப்படுகிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். நாகப்பட்டினத்துக்காரிக்குப் புயல் என்றால் என்னவென்று தெரியும். அதனால் கடிதத்துக்குக் கடிதம் எழுதினேன்... இந்த ஊரில் புயலே கிடையாது, வீடு கல்லுப்போல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை.

புயல் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் சுமத்ரா காற்று உண்டே! கடலுக்கு அந்தப் பக்கத் தீவிலிருந்து கிளம்பி, விடியற்காலையில் கறுத்துக்கொண்டு வரும். ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். திடீரென்று வானம் இருண்டது. முன்பக்கக் கூரை எழும்பி எழும்பி அமர ஆரம்பித்தது.

எங்கள் வரிசையில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. கூரையைத் தாங்கும் கைமரத்தின் மேல் கயிற்றைப் போட்டு ஒருவர் தொங்குவார். கூரை அடங்கும். இன்னொருவர் கயிற்றின் நுனியை இழுத்துத் தூணில் கட்டுவார். வீட்டுக்கு வீடு இதுதான். பெண்கள்கூட அநாயாசமாகச் செய்வார்கள்.

நான் கயிற்றைப் போட்டேன். தொங்கினேன். கூரை அடங்கியது. பிறகு?

அந்தத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கலாமே என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். தூண் நான்கடி தள்ளி இருந்தது. கயிற்றின் நுனி தூணுக்கு அருகிலேயே கிடந்தது. பிடியை விட்டால் கூரை போய்விடும். விடாவிட்டால் கட்ட முடியாது. காலை நீட்டி நுனியை இழுக்கப் பார்த்தேன், எட்டவில்லை. எவ்வளவு நேரம் அப்படித் தொங்கினேன் என்று தெரியாது. உள்ளங்கை எரிந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது.

அப்போது நான் வாய்விட்டுக் கூப்பிட்டேன். "தையல், அந்த நுனியைப் பிடி!"

கூப்பிட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. நடுவில் ஒரு சமுத்திரம் இருப்பது நினைவுக்கு வந்தது. கை தானாகத் தளர்ந்தது. மற்றதைக் கீரைத் தோட்டக்காரர் பார்த்திருக்கிறார்.

மழை விட்டதும் காதர் பாய் குடையோடு வந்தார். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வீட்டில் ஓர் ஓலைகூடக் கலையவில்லை.

"நாங்க ஏழு பேர் இருந்தோம்லா. நீங்க ஏன் ஒரு குரல் குடுக்கல?"

"குடுத்தேன், பாய்."

"எனக்குக் கேக்கலையே."

அவருக்குக் கேட்கவில்லை என்பதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டது அவரை அல்ல. அதை மட்டும் சொல்லவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் வழக்கம்போல் ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஆகாயம். 'வீடு கல்லுப்போல் இருக்கிறது' என்று எழுதக் கை வரவில்லை.

நம்மில் எத்தனை பேர் உள்ளதை ஊருக்கு எழுதுகிறோம்? காய்ச்சல் வந்தால் எழுத மாட்டோம். மேனேஜர் ஏசினால் எழுத மாட்டோம். நல்லநாளில் ஒண்டியாக உட்கார்ந்து கடைச்சோறு தின்றதை எழுதவே மாட்டோம். வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படக் கூடாதாம்! கொஞ்சம் கௌரவமும்தான்... சிங்கப்பூர் போனவன் நன்றாக இருக்கிறான் என்று ஊர் சொல்லவேண்டுமே.

அன்று எல்லாவற்றையும் எழுதினேன். காற்று, கயிறு, எட்டாத நுனி, கூப்பிட்டது எல்லாம். இனி அவள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே தபாலில் போட்டேன். போட்டபின் திருப்பி எடுக்க முடியுமா என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்ததும் உண்மை.

போன வியாழக்கிழமை பதில் வந்தது. தையல் பேசுவதுபோலவே எழுதுவாள். டிராமில் படிக்க ஆரம்பித்தவன், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

"நாலு வருஷமா வீடு நல்லா இருக்கு, கெணறு நல்லா இருக்கு, ஒரு கொறையும் இல்லன்னே எழுதினீங்க. ஒரு கொறையும் இல்லாத எடத்துல நான் வந்து என்ன செய்யப் போறேன்னு இருந்துட்டேன். நான் வேணும்னு ஒரு வார்த்தை நீங்க எழுதினதே இல்ல. தை பொறந்து கடல் அடங்கினதும் கப்பல் ஏறுறேன். அதுவரைக்கும் தனியா கயித்துல தொங்காதீங்க."

நான்கு வருஷம் அவளை வரவிடாமல் தடுத்தது எந்தக் காற்றும் இல்லை. என் பேனாதான். வாராவாரம் உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறவன், கொட்டவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது கார்த்திகை. தைக்கு இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருக்கிறது. நான்கு வருஷத்தைத் தள்ளியவனுக்கு இந்த ஒன்றரை மாதம் நகர மாட்டேன் என்கிறது. வீட்டில் இரண்டாவது அறையின் கதவைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன்.

ஜாவாக்காரர் ஒருவர் வந்து, புது ஓலை வேய்ந்து, தூணோடு தூணாகப் பிரம்பு போட்டு இறுக்கிவிட்டார். எந்தக் காற்றுக்கும் அசையாது என்கிறார். வீடு இப்போது உண்மையிலேயே கல்லுப்போல் இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் உறவுக்காரர் உள்ள வாசகர்களே... தயவுசெய்து இதை யாரும் ஊருக்கு எழுதிவிடாதீர்கள்.