வீட்டில் மருமகள் இருக்கிறாளா?

போன வாரம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் தர்ணா செய்தேன். இந்த வயதில் தேவையா என்கிறீர்களா? கேளுங்கள்.

புனே கட்கியில் அரசுத் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஆறுமுகத்துக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மூக்கில் குழாய். அந்த நிலையிலேயே டிஸ்சார்ஜ்.

வார்டு அதிகாரி, ஆறுமுகத்தின் மகன் சேகரிடம் கேட்டது ஒரே கேள்வி. "கர் மே பஹூ ஹை நா?"

வீட்டில் மருமகள் இருந்தால் போதுமாம்!

சேகர் நெஞ்சை நிமிர்த்தினான். "எங்கப்பாவ நாங்க பாத்துக்குவோம் சார். யார் தயவும் வேணாம்."

நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு இது. அதிகாரி மகிழ்ந்துபோனார். "மதராசி லோக் பெரியவர்களை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறார்கள்!" என்று இந்தியில் ஒரு பாராட்டு. செலவில்லாத மானியம்!

பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகள் மாலாவைப் பார்த்தேன். மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் வேலை.

"லீவு இருக்கா மா?"

"எல்லாம் தீந்துபோச்சு மாமா. நாளைக்கும் வரலேன்னா வேலையே இல்லைன்னுட்டாங்க."

"இவங்ககிட்ட சொன்னியா?"

"என்னை யாரு கேட்டாங்க?"

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டேன். குழாயில் கஞ்சி ஊற்ற இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? வீட்டுக்கு நர்ஸ் எந்தக் கிழமை வருவார்? இரண்டுக்கும் பதில் வரும்வரை நோயாளி நகர மாட்டார் என்றேன். அந்தச் சேவை இருப்பது எனக்குத் தெரியும். கேட்காதவர்களுக்குக் கிடையாது என்பதும் தெரியும்.

சேகர் காதருகில் குனிந்தான். "மாமா, மானம் போவுது. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்டா. நாளைக்கு உங்கப்பன் முதுகு புண்ணானா உன் மானமா வந்து மருந்து போடும்?"

அதிகாரி உறுமினார், கெஞ்சினார், டீ வாங்கித் தந்தார். குடித்தேன். எழுந்திருக்கவில்லை.

மாலையில் சிஸ்டர் வந்தார். கஞ்சி ஊற்றுவதையும் புரட்டிப் படுக்கவைப்பதையும் சொல்லிக்கொடுக்க மாலாவைக் கூப்பிட்டார். நான் சேகரை முன்னால் தள்ளிவிட்டேன். நைட் ஷிஃப்ட்காரன், பகலில் வீட்டில்தானே இருக்கிறான்? முதல் தடவை கஞ்சியைச் சிந்தினான். மூன்றாவது தடவை அப்பாவே தலையசைத்தார்.

மாலா மறுநாள் வேலைக்குப் போனாள்.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகள் கடமை. மறுக்கவில்லை. ஆயுள் முழுக்க அரசுக்கு உழைத்தவரை ஒரு மருமகள் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவுவது எந்த ஊர் நியாயம்?

வியாழன்தோறும் காலையில் நர்ஸ் வருவார் என்று அதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார். வராவிட்டால்?

நான் ரிட்டயர்டு ஆள் சார். எனக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது.