திறக்க மறுத்த மடக்குக் கத்தி

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். ஒருநாள் மாம்பழம் நறுக்கிவிட்டு அதைக் கழுவாமலே மடக்கி வைத்திருந்தேன்.

சில நாள் கழித்து, ஷிப்ட் முடிந்த அசதியோடு மனைவியை வாசுதேவநல்லூருக்குப் பைக்கில் அழைத்துப் போனேன். வழியில் அவள் துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. வண்டியை நிறுத்திக் கத்தியை எடுத்தேன். பழச்சாறு காய்ந்து, துருவேறி, திறக்கவே இல்லை. என் நகம்தான் பெயர்ந்தது.

பக்கத்து வயலில் அறுப்பு அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து, "தள்ளுங்க அண்ணாச்சி!" என்று கதிர் அரிவாளால் துணியை அறுத்துவிட்டார்.

மூச்சு வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்தக் கத்திய எதுக்குத்தான் வச்சிருக்கிய?"



இப்போது எவ்வளவு அசதியானாலும் கத்தியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒருமுறை திறந்து பார்த்த பிறகே படுக்கிறேன்.