தமிழ் தெரியாத அண்ணன்

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. நான் கோவில்பட்டியில் பிள்ளையார் கோவிலுக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவள். அவர் காயல்பட்டினத்து முஸ்லிம். ஹைதராபாத்தில் ஒரே கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். மாதாப்பூர் பக்கம் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வாடகை குறைவு என்று தள்ளி அல்வாலில் வீடு பிடித்தோம். யாரும் யாருக்காகவும் மாற வேண்டாம், பிறக்கிற பிள்ளை வளர்ந்து எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசி வைத்திருந்தோம். அதைப் பிறரிடம் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

முதலில் பிறந்தது பையன். குறைமாதம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை நாள் இருந்தான். இரண்டு வீட்டாருக்கும் உறுத்தாத ஒரு பெயரை யோசித்து வைத்திருந்தோம். பெட்டியின் பக்கத்துத் துளையருகே குனிந்து அவர் பாங்கு சொல்லி, அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்டார். நான் கூப்பிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூப்பிடலாம் என்று இருந்தேன்.

அவன் போனதும் அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க கொண்டுபோறதுன்னு கேக்காங்க."

அவனே வளர்ந்து எடுக்கட்டும் என்று விட்டுவைத்த முடிவை அந்த மத்தியானத்துக்குள் நாங்கள் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்திலும் பச்சைப் பிள்ளையைப் புதைக்கத்தான் செய்வார்கள். ஆனால் கூட நிற்க என் ஆள் என்று அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

"உங்க வழக்கப்படியே செஞ்சிருங்க," என்றேன்.

பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து முன்பின் தெரியாத நாலு பேர் வந்தார்கள். அவருக்கு உருது வராது. அவர்கள் கேட்டதற்கெல்லாம் உடைந்த இந்தியில் பதில் சொல்லி, மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்தார். பெண்கள் அங்கே போவதில்லை. போகலாம் என்றிருந்தாலும் தையல் வலியில் என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது. பிறகு பால் கட்டிக்கொண்டது. மாடி வீட்டுத் தெலுங்கு அம்மா மல்லிகைப்பூவை என் மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். அதற்கப்புறம் நான் மல்லிகை சூடியதில்லை.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். அண்ணன் ஒருவன் இருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் நோன்புக் கஞ்சியும் குடித்தாள், சதுர்த்திக்கு என்னோடு கொழுக்கட்டையும் பிடித்தாள். தெருப் பிள்ளைகளிடம் 'ஹவ்', 'நக்கோ' என்று அந்த ஊர் உருதுவில் பேசினாள். எங்களிடம் மட்டும் தமிழ்.

வீட்டில் மூன்று பேர்தான் இருக்கிறோம் என்பது எனக்குப் பழகவே இல்லை. தட்டு எடுத்து வைக்கும்போது கை நாலாவது தட்டுக்குப் போகும். ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்தால், இப்போதுதான் யாரோ அடுத்த அறைக்குப் போனதுபோல இருக்கும். இதை அவரிடம் சொன்னதில்லை. அவரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை.

அவளுக்கு ஆறு வயது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனியில் அவள் யாரிடமோ பேசுவது கேட்டது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். துணிக்கொடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து உருதுவில் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்வாள், நிறுத்துவாள், தலையை ஆட்டுவாள்.

"யார்கிட்டடி பேசுறே?"

"பையாகிட்ட."

"எந்தப் பையா?"

"நம்ம பையா. மண்ணுக்குள்ள இருக்கான்ல, அவன்."

கரண்டியோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். பெருநாள் தொழுகை முடிந்து வரும் வழியில் வாப்பா அவளை மையவாடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அவளாகவே சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"அண்ணான்னு கூப்பிடலாமே," என்றேன். "வாப்பா ஊர்ல காக்கான்னு சொல்வாங்க."

"காக்கான்னா கவ்வா," என்று சிரித்தாள். பிறகு, எனக்குப் புரியவைக்கிற குரலில் சொன்னாள். "அவனுக்குத் தமிழ் தெரியாதும்மா. அங்க எல்லாரும் உருதுதான். அவனும் அதான் கத்துக்கிட்டான்."

அவனை மண்ணில் வைத்தது எனக்குத் தெரியும். பாஷை தெரியாத ஆட்களுக்கு நடுவில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவள் சொல்லித்தான் உறைத்தது. அவர் அங்கே போய் நிற்பார், அரபியில் ஓதுவார், வந்துவிடுவார். எட்டு வருடமாக அவனிடம் ஒருவரும் தமிழில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம், "நானும் பாக்கணும்," என்றேன்.

"ஒன்னக் கூப்பிட எனக்குத் தைரியம் வரல," என்றார். "கூட்டம் இல்லாத நாளாப் பாத்துப் போவோம்."

ஒரு வேலைநாள் காலையில் லீவு போட்டுவிட்டுப் போனோம். வாசலில் இருந்த காவலாளி என் பொட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வழிவிட்டு நகர்ந்துகொண்டார். பிள்ளைகளின் இடம் சுவரோரமாக இருந்தது. முழ நீள மேடுகள். சிலவற்றில் கல், சிலவற்றில் அதுவும் இல்லை. அவர் முன்னால் நடந்து ஒரு வேம்புக்கு அருகே நின்றார். அங்கிருந்து நகர்ந்து இன்னோர் இடத்தில் நின்றார்.

"எது?"

"இங்கனதான்."

"எதுங்க?"

"எடம் கெடையாதுல்லா. கொஞ்ச வருஷத்துல அதே எடத்துல வேற பிள்ளைய வச்சிருதாங்க. நான் வந்தா இங்கன நின்னு ஓதிட்டுப் போவேன். சரியா எதுன்னு எனக்கே தெரியாது." மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத ஒன்கிட்ட எப்படிச் சொல்ல?"

அதற்குள் மகள் ஒரு மேட்டுக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இதுதான்," என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது, "சாப்டியாப்பா?" மட்டும்தான்.

மகள் மண்ணுக்கு அருகே குனிந்து, என் கேள்வியை அவனுக்கு எடுத்துச் சொன்னாள். "பையா, அம்மா பூச்ரைன். கானா காயே க்யா?"

போனில் மறுமுனைக்குக் காத்திருப்பதுபோல இருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "சாப்டானாம்," என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவ்வப்போது மூவருமாகப் போனோம். அவளை வைத்துக்கொண்டு அவனிடம் பேசினேன். வீட்டில் அவரும் நானும் அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அடுத்த அறையில் ஆள் இருப்பதுபோல் தோன்றுவது மட்டும் நிற்கவில்லை. அவருக்கும் அப்படித் தோன்றும் என்று அப்போதுதான் சொன்னார்.

வளர வளர அவளுடைய பால்கனிப் பேச்சும், எங்களோடு மையவாடிக்கு வருவதும் குறைந்தன. பத்து வயதில் ஒரு நாள், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம், "பையா இப்பல்லாம் பேசுறதில்லையா?" என்று கேட்டேன்.

"எந்தப் பையா மம்மி?" ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே யோசித்தாள். "ஓ, அதுவா. சின்னப் புள்ளைல ஏதோ விளையாடுவேன். ஒண்ணும் ஞாபகம் இல்ல."

பஸ் வந்தது, போய்விட்டாள்.

அந்த வாரம் நான் தனியாக மையவாடிக்குப் போனேன். மழைக்குப் பிறகு மேடுகள் கரைந்து புல் மூடியிருந்தது. எதன் முன்னால் உட்காருவது என்று தெரியவில்லை. சுவரோரம் நின்று, அங்கிருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று, தமிழில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன்.